வாஷிங் மெஷின் ஸ்பின்னில் ஆடுகிறதா? ரப்பர் பேட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்பின் ஓடும்போது எந்த மெஷினும் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். மேல்மூடியில் கை வைத்தால் தெரியும் மெல்லிய அதிர்வைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. மெஷின் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தாலோ, உள்ளே டப் தகரத்தில் டம் டம் என்று இடித்தாலோ, ஸ்பின் வேகமெடுக்கப் பார்த்துப் பார்த்து அடங்கிவிட்டாலோ, முன்பு இல்லாத ஒரு சத்தம் புதிதாகச் சேர்ந்திருந்தாலோ அதைக் கவனிக்க வேண்டும். விட்டுவைத்தால் அது ஆட்டத்தோடு நிற்பதில்லை. மாதக்கணக்கில் இடி வாங்கிய மெஷினில் ஸ்பிரிங் கொக்கி தேயும், டப்பில் எடைக்காகப் பூட்டியிருக்கும் கவுன்டர்வெயிட் கல்லின் போல்ட் தளரும், ஒயர் கட்டு தகரத்தில் உரசி அறுபடும்.

ஆடுகிற மெஷினுக்கு எல்லோரும் முதலில் செய்கிற வைத்தியம், காலுக்கு அடியில் ரப்பர் பேட் வைப்பது. அது வரிசையில் கடைசியாக வர வேண்டிய வேலை. காரணம் உள்ளே இருக்கும்போது பேட் சத்தத்தை மட்டும் குறைக்கும். கோளாறு மறைந்திருந்து வளரும். முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த வேகத்தில் ஆடுகிறது? துணியே இல்லாமலும் ஆடுகிறதா? கூடவே என்ன சத்தம் வருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வேகத்தை ஏன் பார்க்க வேண்டும்

டிரம்மில் துணி சமமாகப் பரவாமல் ஒரு பக்கம் 1 கிலோ கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரம்மின் ஆரம் 24 செ.மீ. நிமிடத்துக்கு 400 சுற்றில் அந்த ஒரு கிலோ டிரம்மை வெளிப்பக்கம் இழுக்கிற விசை ஏறத்தாழ 43 கிலோ எடைக்குச் சமம். அதே துணி 1200 சுற்றில் ஏறத்தாழ 386 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். அதனால்தான் ஆட்டோமேட்டிக் மெஷின்கள் முதலில் மெதுவாகச் சுற்றி எடை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கின்றன; சரியில்லை என்றால் நிறுத்தி, துணியை உதறிவிட்டு மறுபடி முயல்கின்றன. சில முறை முயன்றும் சரிவராவிட்டால் திரையில் எழுத்து காட்டும். எல்ஜி மெஷின்களில் யூ-ஈ, சாம்சங்கில் யூ-பி அல்லது யூ-ஈ என்று வருவது இதுதான். அந்த எழுத்து ‘எடை சமமில்லை’ என்று மட்டுமே சொல்கிறது. துணியால் சமமில்லையா, தேய்ந்த பாகத்தாலா என்று அதற்குத் தெரியாது.

அடுத்தது, டப் நிற்கும் விதம். தண்ணீர் பிடிக்கும் வெளி டப், அதற்குள் டிரம், இரண்டும் சேர்ந்து ஸ்பிரிங்கில் தொங்குகின்றன. தொங்குகிற எதற்கும் தானாக ஆடும் ஒரு தாளம் உண்டு. வேகம் ஏறும்போது சுற்றும் தாளமும் இந்தத் தாளமும் ஒன்றாகிற ஓரிடம் வரும். பெரும்பாலான மெஷின்களில் அது 300 சுற்றுக்குள் வந்துவிடும். டப் மிக அதிகமாக ஆடுவது அங்கேதான். அந்த ஆட்டத்தை அமுக்குவதற்காகவே முன்பக்கக் கதவுள்ள ஃப்ரன்ட் லோடில் டாம்பரும், மேல்மூடி உள்ள டாப் லோடில் சஸ்பென்ஷன் ராடும் வைத்திருக்கிறார்கள். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் டப்பின் ஆட்டம் சிறிதாகிவிடும்; அதன்பின் அதிர்வைத் தாங்க வேண்டியது பாடியும் காலும் தரையும்.

ஆக, ஸ்பின் தொடங்கும்போதும் முடிந்து வேகம் இறங்கும்போதும் டப் பெரிதாக ஆடி இடிக்கிறது, நடுவில் முழு வேகத்தில் அமைதியாக ஓடுகிறது என்றால் சந்தேகம் டாம்பர், ராடு, ஸ்பிரிங் மேல் போக வேண்டும். தொடக்கத்தில் ஒன்றுமில்லை, 800 சுற்றுக்கு மேல்தான் மெஷின் மொத்தமாகத் துடித்து நகர்கிறது என்றால் மட்டம், கால், தரையைப் பார்க்க வேண்டும். வேகம் ஏற ஏற ‘ஊஊ’ என்ற இரைச்சலும் ஏறினால் டிரம்மின் தண்டைத் தாங்கும் பேரிங். சுற்றுக்கு ஒரு தட்டு என்று கணக்காகத் தட்டினால் டிரம்மின் முதுகைத் தாங்கும் ஸ்பைடர், பெல்ட் ஓடும் புல்லி, தளர்ந்த கவுன்டர்வெயிட் ஆகியவற்றில் ஒன்று.

இரண்டு ஸ்பின், ஒரு முடிவு

முதலில் டிரம்மைக் காலியாக்கி, ஸ்பின் மட்டும் உள்ள புரோகிராமைப் போடுங்கள். வேகத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் 400, 800, பிறகு உச்ச வேகம் என்று மூன்று முறை. நான்கு காலையும் சுற்றித் தரையில் பென்சிலாலோ டேப்பாலோ அடையாளம் போட்டுவையுங்கள். எந்தக் கால், எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பிறகு தெரியும். மெஷினைக் கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள். பிடித்தால் சோதனை கெட்டுவிடும், ஆபத்தும்கூட.

காலி டிரம்மில் ஆட்டம் வந்தால் துணியைக் குறை சொல்ல இடமில்லை. மட்டம், மெஷினை அனுப்பும்போது டப்பைப் பிடிக்கப் போட்ட ட்ரான்சிட் போல்ட், பேரிங், ஸ்பைடர், கவுன்டர்வெயிட் இவற்றில்தான் விஷயம். காலியாக அமைதியாக ஓடினால், நடுத்தர அளவுள்ள நான்கைந்து துண்டுகளை நனைத்து, தனித்தனியாக உதறிப் போட்டு அதே ஸ்பின்னை ஓட்டுங்கள். இதிலும் நன்றாக ஓடினால் மெஷினில் பழுது இல்லை. துணி போடும் முறையில் இருக்கிறது. துண்டோடு ஆடி, காலியாக ஆடவில்லை என்றால் டாம்பர் அல்லது ராடு தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்து வேகம் ஏறும் முதல் அரை நிமிடத்தை எடுத்துப் பாருங்கள். டப் எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறது, பாடி மட்டும் ஆடுகிறதா, காலில் ஒன்று தரையை விட்டு எழும்புகிறதா என்பதெல்லாம் கண்ணால் பார்த்துப் பிடிபடாது, அதில் பிடிபடும்.

இதற்கு மேல் எதைத் தொட்டாலும் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், தண்ணீர்க் குழாயை மூட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. ஃப்ரன்ட் லோட் மெஷினின் எடை பெரும்பாலும் 60 கிலோ அளவில் அல்லது அதற்கு மேல் இருக்கும். சாய்க்கவும் நகர்த்தவும் இரண்டு பேர் வேண்டும். தகரத்தின் உள் ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

துணி

துணி அதிகமானால்தான் ஆடும் என்று நினைப்பவர்கள் பலர். குறைவாகப் போட்டாலும் ஆடும், சொல்லப்போனால் அதிகமாக ஆடும். ஒற்றை ஜீன்ஸ், ஒற்றைக் கால்மிதி, ஒரே ஒரு கனத்த போர்வை இவை டிரம்மில் ஒரே இடத்தில் சுருண்டு கிடக்கும். எதிர்ப்பக்கம் ஈடுகொடுக்க எதுவும் இருக்காது. அத்தகைய துணியோடு இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துப் போட வேண்டும். பருத்தித் துணிக்கு டிரம்மின் மேல்பாகத்தில் உள்ளங்கை செங்குத்தாக நுழையும் அளவு இடம் விட்டால் போதும். படுக்கை விரிப்பு இன்னொரு வகைத் தொல்லை. அது மற்ற துணிகளை உள்ளே இழுத்துச் சுருட்டிப் பெரிய பந்தாக்கிவிடும். ஸ்பின் நின்று நின்று முயல்கிறது என்றால் நிறுத்தி, கதவைத் திறந்து, பந்தைப் பிரித்துப் போட்டாலே பல நேரம் தீர்ந்துவிடும். டாப் லோடில் துணியை அச்சைச் சுற்றி வட்டமாக அடுக்க வேண்டும். கூடையில் கொட்டுவதுபோல ஒரு பக்கமாகக் கொட்டக்கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மழைக்கோட்டு, தண்ணீர் புகாத மெத்தை உறை, தார்ப்பாய், வண்டி மூடும் உறை இவற்றை ஸ்பின்னில் போடவே கூடாது. அவை தண்ணீரைப் பை போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். துளை வழியாக வெளியேற விடாது. மெதுவாகச் சுற்றும்போது சமமாகத் தெரிந்த எடை, வேகம் ஏறியபின் ஒரு பக்கத் தண்ணீர் சட்டென்று வெளியேறியதும் ஒரே நொடியில் தாறுமாறாகும். மெஷின் எகிறி விழுவதும் பாடி பிய்வதும் இப்படித்தான்.

தண்ணீர் முழுதாக வெளியேறாமல் ஸ்பின்னுக்குப் போனாலும் ஆட்டம் வரும். கீழே உள்ள டிரெய்ன் ஃபில்டரைத் திறந்து நாணயம், ஊக்கு, நூல் குப்பை இருக்கிறதா பாருங்கள். டிரெய்ன் குழாய் மடங்கியிருக்கக்கூடாது.

மட்டமும் காலும்

முழு வேகத்தில் நகர்கிற மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது இது. இதற்கு ஒரு ரசமட்டமும் ஒரு ஸ்பானரும் போதும்.

மெஷினின் மேல் எதிரெதிர் மூலைகளில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மாறி மாறி அழுத்துங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைகளிலும் அதேபோல. கொஞ்சம்கூட ‘டொக்’ என்று ஆடக்கூடாது. ஆடினால் அந்த மூலைவிட்டத்தில் ஒரு கால் தரையில் பதியவில்லை என்று அர்த்தம். ரசமட்டம் சரியாகக் காட்டினாலும் இந்தச் சோதனையில் ஆடுகிற மெஷின் ஸ்பின்னில் நிச்சயம் ஆடும். கொஞ்சம் சரிவாக நிற்கும் மெஷின் ஓடிவிடும். மூன்று காலில் நிற்கிற மெஷின் ஓடாது.

சரிசெய்வதற்கு முதலில் நான்கு காலையும் முடிந்த அளவு உள்ளே திருகிக் குட்டையாக்குங்கள். கால் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறதோ அவ்வளவு வளையும். பிறகு தாழ்ந்திருக்கும் மூலையை மட்டும் உயர்த்துங்கள். ரசமட்டத்தை முதலில் பக்கவாட்டில், பிறகு முன்பின்னாக வைத்துப் பாருங்கள். மட்டம் வந்ததும் ஒவ்வொரு காலிலும் இருக்கிற லாக் நட்டை மேல்நோக்கித் திருகி, பாடியின் அடித்தகட்டோடு இறுக்க வேண்டும். பல வீடுகளில் இந்த நட் காலின் அடியில் சும்மா கிடக்கும். அது இறுகாவிட்டால் ஒவ்வொரு ஸ்பின்னிலும் கால் தானாகக் கொஞ்சம் கொஞ்சம் சுழன்று, சில வாரங்களில் மட்டம் பழையபடி போய்விடும். ‘போனமுறை சரிசெய்தார்கள், மறுபடி ஆடுகிறது’ என்ற புகாரில் முதலில் தேட வேண்டியது இந்த நட்டைத்தான்.

சில டாப் லோட் மாடல்களில் பின்கால்கள் தாமாக மட்டம் பிடிக்கும் வகை. மெஷினின் பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கி மெதுவாக இறக்கினால் அவை தரைக்கேற்ப அமரும். பிறகு முன்கால்களை மட்டும் திருகினால் போதும்.

தரையும் பார்க்க வேண்டும். காலின் கீழ் உள்ள டைல் தட்டினால் வெற்று ஒலி எழுப்பினால் அது தளர்ந்திருக்கிறது. மரத்தளம் என்றால் மெஷினோடு தளமும் ஆடும். கனமான பலகையை விட்டங்களுக்குக் குறுக்காகப் போட்டு அதன் மேல் மெஷினை வைத்தால் பாரம் பரவும். சக்கரம் வைத்த ஸ்டாண்ட் ஸ்பின்னுக்கு ஆகாது, பிரேக் இருந்தாலும் ஆகாது. ரப்பர் பேட் வைப்பதாக இருந்தால் கெட்டியான ரப்பராக, மெல்லியதாக இருக்கட்டும். மெத்தென்ற பேட் மெஷினைத் தானே ஒரு ஸ்பிரிங்கில் நிறுத்தியதுபோல் ஆக்கி, ஆட்டத்தைக் கூட்டிவிடும். வழுக்கும் டைலில் நகர்வதைத் தடுப்பதற்கு மட்டும் பேட் நன்றாக உதவும்.

புதிதாக வந்த மெஷின், வீடு மாறி வந்த மெஷின்

ஃப்ரன்ட் லோட் மெஷினைத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது டப் ஆடாமல் இருக்கப் பின்பக்கத்திலிருந்து நீண்ட போல்ட்கள் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் நான்கு. இவைதான் ட்ரான்சிட் போல்ட். இவற்றைக் கழற்றாமல் ஸ்பின் போட்டால் டப்பின் முழு அதிர்வும் நேராகப் பாடிக்குப் போகும். புது மெஷின் அறைக்குள் நடைபோடும். பின்பக்கம் வட்டத் துளைகளில் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா, போல்ட் தலை தெரிகிறதா என்று பாருங்கள். போல்ட் தலை தெரிந்தால் ஸ்பானரால் தளர்த்தி, ரப்பர் உறையோடு சேர்த்து வெளியே இழுத்து எடுத்து, கூட வந்த மூடிகளைத் துளையில் பொருத்த வேண்டும். ஒரு போல்ட் மட்டும் மறந்து உள்ளே தங்கிவிடுவதும் உண்டு, எண்ணிப் பாருங்கள். டாப் லோடில் இதற்குப் பதிலாக அடியில் தெர்மோகோல் அல்லது அட்டைத் தாங்கி இருக்கும்.

போல்ட்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை இல்லாமல் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன மெஷினில் ஸ்பிரிங் கொக்கி கழன்று டப் ஒருபக்கம் தொங்குவது அடிக்கடி நடப்பது.

ஃப்ரன்ட் லோடில் டாம்பரும் ஸ்பிரிங்கும்

டப் மேலே இரண்டு ஸ்பிரிங்கில் தொங்கும். கீழே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டாம்பர்கள் அதை அடித்தளத்தோடு இணைக்கும். ஷாக் அப்சார்பர் என்று சொல்லப்படுவதும் இதுதான். உள்ளே கிரீஸில் ஊறிய பஞ்சு உராய்ந்து ஆட்டத்தை அமுக்கும். கிரீஸ் காய்ந்து பஞ்சு தேய்ந்தால் வெறும் குழாயாகிவிடும்.

கழற்றாமலேயே சோதிக்கலாம். கதவைத் திறந்து, டிரம்மின் கீழ் விளிம்பில் கை வைத்து நன்றாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். டப் மேலே வந்து அப்படியே நின்றால் டாம்பர் நலம். வந்து, இன்னொரு முறை இறங்கி, மறுபடி ஏறி என்று ஊஞ்சலாடினால் டாம்பர் செத்துவிட்டது. அதே நேரத்தில் டிரம்முக்கும் கதவு வாய்க்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். இடமும் வலமும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் கொக்கி கழன்றிருக்கும் அல்லது ஸ்பிரிங் உடைந்திருக்கும். மெஷினின் பின்னால் உள்ள இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மேல்மூடியைப் பின்னுக்குத் தள்ளித் தூக்கினால் ஸ்பிரிங் இரண்டும் கண்ணில் படும். கொக்கி மாட்டும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் உறை (புஷ்) தேய்ந்திருந்தால் கிரீச் என்று சத்தம் வரும்.

டாம்பரைக் கழற்ற, மாடலைப் பொறுத்துப் பின்தகட்டைத் திறக்க வேண்டும் அல்லது மெஷினைச் சாய்த்து அடியிலிருந்து போக வேண்டும். மேலும் கீழும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பின் பிடித்திருக்கும். பின்னின் நுனியில் உள்ள சிறு கொக்கியை அழுத்திக்கொண்டு மறுபக்கத்திலிருந்து இழுத்தால் வந்துவிடும். நுனியில் சரியான அளவு சாக்கெட் ஸ்பானரின் தலையைச் செருகினால் கொக்கி தானாக உள்ளே அமுங்கும், இடுக்கியால் போராட வேண்டியதில்லை. கழற்றிய டாம்பரைக் கையால் நீட்டி அமுக்கிப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி கனமாக நகர வேண்டும். சுலபமாக வழுக்கினாலும், நடுவில் ஓரிடத்தில் மட்டும் தொய்வாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். கிரீஸ் தடவி மறுபடி மாட்டுவது சில நாளைக்குத்தான் தாங்கும்.

புதிது வாங்கும்போது டாம்பரின் மேல் அச்சிட்டிருக்கும் நியூட்டன் (விசை) அளவைப் பாருங்கள். 80, 100, 120 என்று இருக்கும். அதே அளவு, அதே நீளம், அதே பின் துளை உள்ளதை வாங்க வேண்டும். கூடுதல் நியூட்டன் போட்டால் கூடுதல் பலம் என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறி இறுகிய டாம்பர் முழு வேகத்தின் அதிர்வைத் தரைக்குக் கடத்தும். எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் டப் பழையதன் பக்கமே சாய்ந்தாடும்.

டாப் லோடில் ராடும் பேலன்ஸ் வளையமும்

டாப் லோடில் பாடியின் நான்கு மேல் மூலைகளிலிருந்து நான்கு சஸ்பென்ஷன் ராடுகள் தொங்கும். ஒவ்வொன்றின் கீழ்முனையிலும் ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் இருக்கும். டப்பின் காதுகள் அதன் மேல் உட்காரும். மூடியைத் திறந்து டப்பின் விளிம்பை நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். நான்கிலும் எதிர்ப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் சட்டென்று இறங்கினால் அந்த ராடின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது கிண்ணம் உடைந்திருக்கிறது. டப் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக நின்றாலும் அதுவே அறிகுறி. மாற்றுவது கடினமான வேலை இல்லை. மேல்பாகத்தைத் திறந்து, டப்பை ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் ராடின் மேல்முனைப் பந்தைக் குழியிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி எடுத்துவிடலாம். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். சில மாடல்களில் முன் ராடும் பின் ராடும் வேறு வேறு. நிற அடையாளத்தைக் குறித்துக்கொண்ட பின்பே கழற்றுங்கள்.

ராடு எல்லாம் நன்றாக இருந்தும், துணி சமமாக இருந்தும் டாப் லோட் ஆடுகிறதா? கூடையின் மேல் விளிம்பில் உள்ள தடித்த பிளாஸ்டிக் வளையத்தைப் பாருங்கள். அதற்குள் உப்புக் கரைசல் அடைத்திருப்பார்கள். வேகமாகச் சுற்றும்போது அந்தத் திரவம் கனமான பக்கத்துக்கு எதிரே போய்ச் சேர்ந்து எடையைச் சமன்செய்யும். வளையம் விரிசல் விட்டுக் கரைசல் கசிந்துவிட்டால் அந்த மெஷின் எந்தத் துணிக்கும் ஆடும். கூடையைக் கையால் மெல்ல அசைத்துக் காதை அருகில் வையுங்கள். சளக் சளக் என்று திரவம் நகரும் ஒலி வர வேண்டும். ஒலியே இல்லாமல், வளையத்தின் இணைப்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் கதை அங்கே முடிந்தது. ஓட்டையை ஒட்டித் தண்ணீர் நிரப்பிப் பயனில்லை, வளையத்தை மாற்ற வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் ஸ்பின் தொட்டி தனி. தொட்டி சிறியது, வேகம் 1300 சுற்றுக்கும் மேல் போகும். துணியை அடியிலிருந்து வட்டமாக அமுக்கி, மேலே அந்தப் பிளாஸ்டிக் தட்டை வைத்த பிறகே ஓட்ட வேண்டும். தட்டு இல்லாமல் ஓட்டினால் துணி மேலே ஏறி ஒரு பக்கம் சேரும். அதற்குப் பிறகும் தொட்டி சுவரில் இடித்தால் பின்தகட்டைத் திறந்து, ஸ்பின் மோட்டார் நிற்கிற மூன்று ஸ்பிரிங்குகளையும் அவற்றுக்குள் உள்ள ரப்பரையும் பாருங்கள். ஒரு ரப்பர் பிய்ந்திருந்தாலே போதும். தொட்டித் தண்டையும் மோட்டார் தண்டையும் இணைக்கும் கப்ளிங் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கையோடு பார்த்துவிடலாம்.

பேரிங்கா ஸ்பைடரா

காலி டிரம்மே இரைச்சலோடு ஆடினால் இந்த இரண்டில் ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். பிரித்தறிய ஒரு வழி உண்டு.

ஃப்ரன்ட் லோட் கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கி இறக்குங்கள். டிரம்மும் வெளி டப்பும் சேர்ந்தே அசைந்தால் அது ஸ்பிரிங்கின் வேலை, கோளாறில்லை. டிரம் மட்டும் தனியாக, டொக் என்று அசைந்தால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. கதவு ரப்பருக்கும் டிரம் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்யுங்கள்; அங்கேதான் அந்த அசைவு தெரியும்.

இப்போது ஒரு பென்சிலை ரப்பரில் ஊன்றி, நுனி டிரம் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடித்து டிரம்மைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஓரிரு மி.மீ. வித்தியாசம் வரலாம். ஒரு குறிப்பிட்ட இடம் வரும்போதெல்லாம் விளிம்பு விலகிப் போய், மற்ற இடத்தில் நெருங்கி வந்தால் டிரம் கோணலாகச் சுற்றுகிறது. ஸ்பைடர் விரிசல் விட்டிருக்கும். விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்து, தூக்கினால் மட்டும் அசைந்து, சுற்றும்போது கரகரவென்று கையில் உறைத்தால் பேரிங். பேரிங் போன மெஷினில் ஸ்பின்னின்போது ஜெட் விமானம் ஓடுவதுபோல் இரைச்சல் இருக்கும், டப்பின் பின்புறம் நடுவிலிருந்து துருக்கலந்த பழுப்புக் கோடு வழிந்திருக்கும். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் முதலில் போய், அதன் வழியாகத் தண்ணீர் பேரிங்கை அடைந்ததன் தடம் அது.

ஸ்பைடர் என்பது டிரம்மின் முதுகில் உள்ள மூன்று கை கொண்ட அலுமினியக் கலவை வார்ப்பு. ஸ்டீல் டிரம்மோடு சேர்ந்து எப்போதும் ஈரத்திலேயே கிடப்பதால் அரிக்கும். சோப்புத் தூளை அளவுக்கு மீறிப் போடுவது, எப்போதும் குளிர்ந்த தண்ணீரிலேயே ஓட்டிப் படிவு சேரவிடுவது, துவைத்து முடித்ததும் கதவைச் சாத்திவிடுவது மூன்றும் அரிப்பைக் கூட்டும். விரிசல் விட்ட ஸ்பைடரோடு ஸ்பின் போடக்கூடாது. கை உடைந்தால் டிரம் வெளி டப்பைக் கிழித்துவிடும், அப்புறம் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது.

பேரிங் வேலை என்றால் டப் முழுவதையும் வெளியே எடுத்துப் பிளக்க வேண்டும். இரண்டு பேரிங் இருக்கும். 6204-6205 அல்லது 6205-6206 போன்ற எண் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். இரண்டையும் ஆயில் சீலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். தொடங்கும் முன் டப் போல்ட் போட்ட வகையா, ஒட்டி மூடிய வகையா என்று பாருங்கள். இரண்டு பாதியையும் சுற்றி ஸ்க்ரூ வரிசை தெரிந்தால் பிரிக்கலாம். ஒட்டிய டப் என்றால் டப்பையே முழுதாக மாற்றச் சொல்வார்கள்; மெஷினின் வயதைப் பார்த்து அங்கேயே முடிவெடுப்பது நல்லது.

மிச்சம் இருப்பவை

டப்பின் மேலும் முன்னும் கான்கிரீட் அல்லது வார்ப்பிரும்பு கவுன்டர்வெயிட் போல்ட் போட்டிருக்கும். மேல்மூடியைத் திறந்ததும் கையால் அசைத்துப் பாருங்கள், துளியும் அசையக்கூடாது. போல்ட்டைச் சுற்றிக் கான்கிரீட் தூள் கொட்டியிருந்தால் துளை பெரிதாகிவிட்டது, கல்லை மாற்ற வேண்டும். வெறும் தளர்வு என்றால் இறுக்கலாம், ஆனால் அந்த போல்ட்கள் பல மெஷின்களில் பிளாஸ்டிக் டப்பில்தான் இறங்குகின்றன. ஆவேசமாக இறுக்கினால் மரை போய்விடும்.

பெல்ட் உள்ள மெஷினில் பின்தகட்டைத் திறந்து புல்லியைச் சுற்றிப் பாருங்கள். தட்டாமல் நேராகச் சுற்ற வேண்டும். நடு போல்ட் தளர்ந்தால் சுற்றுக்கு ஒரு தட்டு வரும், பேரிங் என்று நினைத்து டப்பைப் பிரிக்கவைக்கும். பெல்ட் இல்லாத டைரக்ட் டிரைவ் மெஷினில் அதே இடத்தில், மோட்டாரின் சுற்றும் பாகமான ரோட்டரின் நடு போல்ட்டைப் பார்க்க வேண்டும்.

எதைச் சரிசெய்தாலும் முதலில் போட்ட அதே நான்கைந்து ஈரத் துண்டுகளோடு, அதே வேகங்களில் மறுபடி ஓட்டி, தரையில் போட்ட அடையாளத்தைப் பாருங்கள். வேறு துணி போட்டுச் சோதித்தால் முன்னேற்றம் பாகத்தாலா துணியாலா என்று தெரியாது. டாம்பரோ ராடோ மாற்றியிருந்தால் ஒரு வாரம் கழித்து மட்டத்தையும் லாக் நட்டையும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.